ஒரே நாளில் டி.சி.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் இருந்த ஒரு கலைக் கல்லூரியின் அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நங்கநல்லூரிலிருந்து நடந்து வந்து பழவந்தாங்கலில் ரயிலேறி, மாம்பலத்தில் இறங்கி, பஸ் பிடித்து லஸ்ஸில் இறங்கி, ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் நடந்ததற்கெல்லாம் காரணம்.

என் மேஜைக்கு ஒதுக்கியிருந்த வேலைகளில் ஒன்று, பாதியில் விட்டுப் போகும் மாணவர்களுக்கு டி.சி. தயார் செய்வது. அதற்கு முன்னால் ‘நோ டியூஸ்’ என்று ஒரு படிவம் உண்டு. கல்லூரிக்குத் தரவேண்டியது எதுவும் இல்லை என்று எட்டு இடங்களில் கையெழுத்து வாங்கவேண்டும். நூலகம், லேப், பி.டி. மாஸ்டர், என்.எஸ்.எஸ்., ஸ்டோர்ஸ், ஹாஸ்டல் வார்டன், துறைத் தலைவர், கேஷ் கவுன்ட்டர். ஹாஸ்டல் இருக்கும் திசையே தெரியாத மாணவன்கூட, ‘இவன் ஹாஸ்டலில் இல்லை’ என்று வார்டனிடம் எழுதி வாங்கி வரவேண்டும். நூலகர் இரண்டு மணிக்கு மேல்தான் பேனாவைத் திறப்பார். பி.டி. மாஸ்டர் மைதானத்தில் எந்த மூலையில் இருக்கிறார் என்பதை விசில் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது போதாதென்று எங்கள் ஹெட் கிளார்க் சொந்தமாக ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆபீஸ் காகிதம் வெளியில் தங்கக் கூடாது. அன்றைக்கு எத்தனை கையெழுத்து வாங்கினார்களோ, அதோடு படிவத்தைச் சாயங்காலம் அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மறுநாள் காலை மறுபடி அவர் முன்னால் நின்று வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு அலைய வேண்டும். ஒரு டி.சி. கைக்கு வர நான்கு நாள் ஆகும். நடுவில் சனி, ஞாயிறு வந்தால் ஒரு வாரம்.

ஜூலை, ஆகஸ்டில் இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காது. பி.எஸ்ஸி.யில் சேர்ந்திருந்த பையனுக்கு எங்கேயோ இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கும். அங்கே சேரக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். இங்கே அவனுடைய அப்பா, வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வார்டனைத் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. ஒருநாள் ஹெட் கிளார்க்கிடம் போய், இனிமேல் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு போய் எட்டுக் கையெழுத்தையும் வாங்கி வந்துவிடுகிறேன், மாணவர்கள் அலைய வேண்டாம் என்று சொன்னேன்.

"உனக்குக் கால் வலிக்கலைன்னா பண்ணிக்கோ. நேக்கென்ன வந்தது" என்றார் அவர். அவர் மயிலாப்பூர்க்காரர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

அன்றிலிருந்து பம்பரம்தான். எந்த நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. காலையில் கடிதம் கொடுத்தால் மாலைக்குள் டி.சி. கையில். பெற்றோர் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார்கள். ஒரு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பிரின்சிபால், "நம் ஆபீஸில் ஒரே நாளில் டி.சி. கொடுக்கிறோம்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். ஒரு வாரம் எனக்குத் தலை நிமிர்ந்தபடியே இருந்தது.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஜூலையில் போகிறவர்களுக்கும் நவம்பரில் போகிறவர்களுக்கும் வித்தியாசம் உண்டு என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஜூலையில் போகிறவன் வேறு இடத்துக்குப் போகிறான். நவம்பரில் போகிறவர்களுக்குப் போக ஓர் இடம் இருப்பதில்லை.

அப்படி ஒரு நவம்பரில், மழை விட்டிருந்த திங்கட்கிழமை காலை, ஒரு பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். இரண்டாம் ஆண்டு கணிதம். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் துப்பட்டாவால் தரையைத் துடைக்கலாமா என்பதுபோலப் பார்த்தாள். அப்பாவின் கையெழுத்தோடு கடிதம் கொண்டுவந்திருந்தாள். விலகிக்கொள்ள அனுமதி கேட்டு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது.

"மேடம், காரணம் போடணும்னு சொன்னாங்க. என்ன எழுதறது?" என்று கேட்டாள்.

நான் வேறு ஒரு பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "குடும்பச் சூழ்நிலைன்னு எழுதும்மா. எல்லாரும் அதான் எழுதுவாங்க" என்றேன்.

அவள் பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றியதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு குனிந்து எழுதினாள். முத்து முத்தான எழுத்து.

"கையெழுத்துக்கு எங்கெங்க மேடம் போகணும்?"

"நீ எங்கேயும் போக வேணாம். இப்படி பெஞ்சுல உட்காரு. நானே வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு மணிக்குப் பேனாவைத் திறந்த நூலகர், படிவத்தில் அவள் பெயரைப் படித்துவிட்டு, "நிறைய புஸ்தகம் எடுக்கிற பொண்ணாச்சே, ஏன் போறா?" என்றார். "குடும்பச் சூழ்நிலை சார்" என்றேன். உச்சுக்கொட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்து இயற்பியல் லேப். கணித மாணவர்களுக்கு அங்கேயும் செய்முறை வகுப்பு உண்டு. அந்த லேப் அட்டெண்டருக்கு என் வயதுதான் இருக்கும். லேசில் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

"இன்னா மேடம், இந்தப் பொண்ணா போவுது? போன வாரம்கூட வாசல் வரைக்கும் வந்துச்சு. உள்ள எட்டிப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுச்சு. ஆளை வரச் சொல்லு மேடம், இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"அவ ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கா. பாவம், அவளை எதுக்கு அலைய விடணும்? நீங்க போடுங்க" என்றேன்.

"கேட்டா இன்னா ஆயிடப் போவுது?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார். துறைத் தலைவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எங்கே போட வேண்டும் என்று கேட்டார், இடத்தைக் காட்டினேன், போட்டார்.

மூன்றரைக்கு எட்டுக் கையெழுத்தும் வந்துவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தேதி போட்டு, டி.சி.யை நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். குடையை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவரை அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் முடிந்ததில்லை.

அத்தோடு அவளை மறந்தேபோனேன்.

ஏப்ரலில் ஆபீசுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். பீரோக்களைக் காலி செய்யும்போது, ஹெட் கிளார்க்கின் பீரோ அடித்தட்டில் கயிறு கட்டிய ஓர் அட்டை ஃபைல் கிடைத்தது. உள்ளே பழைய நோ டியூஸ் படிவங்கள். நான் இந்த வேலையைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வருடங்களுடையவை. எல்லாம் அரைகுறை. ஒன்றில் இரண்டு கையெழுத்து, ஒன்றில் ஐந்து, ஒன்றில் நூலகர் கையெழுத்து மட்டும்.

"இதெல்லாம் என்ன சார்?" என்று கேட்டேன்.

"அதுவா? சாயங்காலம் குடுத்துட்டுப் போனவா மறுநாள் வந்து வாங்கிக்கலை. தூக்கிப் போடறதா வேண்டாமான்னு தெரியலை, வெச்சிண்டிருக்கேன்" என்றார். அதில் அவருக்கு வேறு எந்த விசேஷமும் தெரியவில்லை. தூசி ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

நானும் குப்பையில்தான் போட இருந்தேன். மேலே இருந்த பெயர் கண்ணில் பட்டது. முந்தைய வருடம் நானே அந்தப் பையனுக்குப் பட்டச் சான்றிதழ் கொடுத்திருந்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனான். அவன் இரண்டாம் ஆண்டில் டி.சி. கேட்டிருக்கிறான், மூன்று கையெழுத்துகூட வாங்கியிருக்கிறான் என்பது எனக்குப் புதிய செய்தி. அடுத்த பெயரைப் பார்த்தேன். அது ஒரு பெண்ணுடையது. அவள் எங்கள் கல்லூரியிலேயே எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, நான் நடுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதிவேடுகளோடு ஒப்பிட்டேன். மொத்தம் பதினான்கு படிவங்கள். அக்டோபர், நவம்பர், ஜனவரி என்று நடுவருடத்தில் கேட்டவர்கள்தான் எல்லோரும். பதினோரு பேர் படிப்பை முடித்திருந்தார்கள், அல்லது படித்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிடுகிறேன் என்று வந்தவர்கள், மூன்றாவது கையெழுத்திலோ ஐந்தாவது கையெழுத்திலோ மனம் மாறி, படிப்பை விடாமல் இருந்துவிட்டார்கள். நூலகர் ‘ஏன்’ என்று கேட்டிருப்பார். அட்டெண்டர் உட்கார வைத்து இரண்டு திட்டுத் திட்டியிருப்பார். தாழ்வாரத்தில் கூடப் படிக்கிறவன் பார்த்துவிட்டு, கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பான். இல்லை, சும்மா ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருப்பார்கள், அவ்வளவுதானோ என்னவோ. எதனால் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் என் இரண்டு வருடத்தில் அரைகுறைப் படிவம் ஒன்றுகூட இல்லை என்பதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வந்த அத்தனை பேரையும் நான் அன்றைக்கே வெளியே அனுப்பியிருந்தேன்.

நடுவருடத்தில் நான் அனுப்பியவர்கள் யார் யார் என்று எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பெயர் அந்த நவம்பர் பெண். தேர்வு முடிவுப் பட்டியலையும் எடுத்தேன். அதை ஜனவரியில் நானேதான் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தேன். இரண்டாம் ஆண்டு கணிதத்தில் ஒரு தாளில் பாஸ் பண்ணினவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேர்க்கைப் பதிவேட்டில் அவளுக்கு முன்னால் பெயர் இருந்த பெண்ணும் ஃபெயில், பின்னால் இருந்த பையனும் ஃபெயில். இருவரும் தினமும் கல்லூரிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

மற்றவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது. விலகி ஒரு வருடம் ஆகாததால் இவள் ஒருத்திக்கு மட்டும் வழி இருந்தது. மே மாதக் கடைசிக்குள் விண்ணப்பித்தால், ஜூனில் இரண்டாம் ஆண்டிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளலாம். தபாலில் கடிதம் போட்டேன். பதில் இல்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் இருந்த விலாசத்தைத் தேடி கே.கே. நகருக்குப் போனேன்.

ஒண்டுக்குடித்தன வீடு. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கல்லூரி என்றதும் எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிவிட்டு உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க மேடம். காலேஜ்ல எம் பொண்ண இன்னா சொன்னாங்க? அவங்க அப்பாவாண்ட வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினு போச்சு. காலேஜ்ல ஏதோ பிரச்சனைன்னு சொல்லிச்சு. இன்னா பிரச்சனைன்னு கேட்டா வாயே தொறக்கல. அத்தோட நாங்களும் கேக்கறத வுட்டுட்டோம்."

காலேஜுக்குக் குடும்பச் சூழ்நிலை. குடும்பத்துக்குக் காலேஜ் பிரச்சனை. நடுவில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் வெளியே போயிருந்தாள். அசோக் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை பாதி நாள். வந்ததும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டாள். அவள் அம்மா காப்பி போட உள்ளே போனார். ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன். "ஏம்மா போனே?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். பிளஸ் டூவில் கணக்கில் சென்டம் வாங்கியவள் அவள். தெருவில் எல்லோரும் அவளை வைத்துத்தான் தங்கள் பிள்ளைகளைத் திட்டுவார்கள். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் மஞ்சள் காமாலை வந்து பதினைந்து நாள் கல்லூரிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது பாடம் எங்கேயோ போயிருந்தது.

"சார் போர்டு முழுக்க எழுதிட்டு, புரியுதான்னு கேட்பாரு மேடம். எல்லாரும் தலையாட்டுவாங்க. நானும் ஆட்டுவேன். எனக்கு மட்டும்தான் மண்டையில ஏறலைன்னு தெரிஞ்சு போச்சு. சென்டம் வாங்கினவ எப்படிப் போய் கேக்கறது? அப்புறம் ஒரு நாள் போர்டுக்குக் கூப்பிட்டாரு. நின்னேன். ஒண்ணும் வரல. யாரும் சிரிக்கல. ஆனா எனக்கு எல்லாரும் சிரிச்ச மாதிரியே இருந்துச்சு. மறுநாள் கிளாசுக்குப் போகல. லஸ் பார்க்குல உட்கார்ந்துட்டு வந்துட்டேன். ஒரு நாள் போகலைன்னா அடுத்த நாள் போறது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அவ்ளோதான் மேடம். படிப்பு வராதவ எதுக்குப் போய் உக்காரணும்?"

தேர்வு முடிவைச் சொன்னேன். அந்தத் தாளில் எத்தனை பேர் ஃபெயில் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பெயர் பெயராகச் சொன்னேன்.

"அப்ப தலையாட்டினவங்க?"

"அவங்களும் உன்னைப் பார்த்துத்தான் ஆட்டியிருப்பாங்க."

அவள் சிரித்தாள். நான் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். ஜூனில் சேரலாம், நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று படபடவென்று சொன்னேன். வாங்கிக்கொண்டாள். முழுக்கப் படித்தாள்.

"இப்ப முதல் வருஷம் முடிச்சவங்களோடயா உட்காரணும் மேடம்?"

"ஒரு வருஷம்தானே. யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?" என்றேன். எனக்கே அது பதிலாகத் தெரியவில்லை.

"அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பஸ் தெருமுனையில் திரும்பியபோது திடீரென்று சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சரியா சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருப்பேன் மேடம். அன்னிக்கு வரும்போது ரொம்பப் பயந்துக்கிட்டு வந்தேன். லைப்ரரி சார் ஏம்மான்னு கேட்பாரு, லேப் அண்ணன் கேட்பாரு, என்ன சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். யாராச்சும் ஒருத்தர் கேட்டிருந்தாக்கூட அங்கேயே அழுது எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். நீங்கதான் யாரும் கேக்காம என்னை அனுப்பி வெச்சீங்க. அந்த உதவியை மறக்கவே மாட்டேன்."

மனதாரச் சொன்னாள். அதில் துளிக்கூடக் குத்தல் இல்லை. பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். மாம்பலத்தில் இறங்க வேண்டியவள், அதைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினேன்.

கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. ஐந்தரை வரை ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போன பிறகும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். எனக்குத் துணிவு வரவில்லை. அவள் பிற்பாடு தபால் வழியில் படித்தாளா, அந்தக் கடையிலேயே இருந்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் இருப்பாள். பட்டம் இல்லாமல் நன்றாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவள் வேண்டாம் என்று முடிவெடுத்துப் படிப்பை விட்டவள் இல்லை. தனக்கு வராது என்று தவறாக நம்பி விட்டவள். அந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்தி, தேதி போட்டுக் கொடுத்தது நான்.

அந்த ஜூனிலிருந்து என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வேறு கல்லூரியில் சேர்ந்த அத்தாட்சி காட்டுகிறவர்களுக்கு அன்றைக்கே டி.சி. மற்றவர்களிடம் படிவத்தைக் கொடுத்து, நீயே போய் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவேன். அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஏன் என்று கேட்பேன். கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று ஆபீசில் கேலி செய்தார்கள். பிரின்சிபாலும் ஒருமுறை வருத்தத்தோடு விசாரித்தார். சிலர் எட்டுக் கையெழுத்தோடும் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நான் ஓய்வு பெற்றும் சில வருடங்கள் ஆகிவிட்டன. முப்பது வருட வேலையில் எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், முக்கால்வாசி மறந்துவிட்டது. கே.கே. நகர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் சொன்ன நன்றிதான், வாங்கிக்கொள்ளவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், இன்னும் என்னிடம் இருக்கிறது.